பொதுக்கம்பி வழியே வரும் ஹம்: வால்வு ஒலிபெருக்கி அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலேயே வால்வு ஒலிபெருக்கி அமைக்கும் அன்பர்களுக்கு,

பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் இடைவிடாமல் கேட்கும் தாழ்ந்த முனகலுக்கு ஹம் என்று பெயர். அது ஏதோ ஒரு பாகம் கெட்டுப்போனதால் எழுவதைவிட, ஏதோ ஒரு மின்னோட்டம் போகக் கூடாத வழியில் போவதால் எழுவதே மிகுதி என்பதைச் சொல்லவே இம்மடல் எழுதப்படுகிறது. பாகத்தின் மீது பழி போடுகிறவர் பாகத்தை மாற்றுவார். விலை உயர்ந்த மின்தேக்கி வரும், அதன்பின் பெயர்பெற்ற பழைய வால்வு வரும், பணமும் மாதங்களும் கரையும், முனகல் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். மின்னோட்டத்தின் வழியைத் தேடுகிறவர் ஒரு கம்பியை ஒரு முனையிலிருந்து கழற்றி இரண்டு அங்குலம் தள்ளி வேறொரு முனையில் பற்றவைப்பார். பல வேளைகளில் குறை அத்துடன் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் வால்வு ரேடியோவும் திருவிழா மைக்செட்டும் புழங்கிய காலத்தில் இக்கலை கடைகளில் குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறி வந்தது. வால்வுகள் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலேயே தயாரான நாட்கள் அவை. எந்தக் கம்பியை எந்த மூலையோடு ஒட்டி இழுக்க வேண்டும், எதை எதற்கு முன்பாகப் பற்றவைக்க வேண்டும் என்பதைச் சீடன் பார்த்தே கற்றான்; அந்த அறிவு சுற்றுப்படத்தில் எழுதப்படவில்லை. இன்று மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிய சாக்கெட்டுகளையும், காயில் கட்டும் கடையில் சொல்லிச் செய்த மின்மாற்றியையும், அச்சிட்ட ஒரு சுற்றுப்படத்தையும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கிடைக்காமல் போவது அந்த எழுதப்படாத பாதிதான்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வால்வுகளுக்குத் தேவைப்படும் உயர் நேர்மின்னழுத்தம் 250 முதல் 450 வோல்ட் வரை இருக்கும்; மின்சாரத்தை அணைத்த பின்னும் வடிகட்டும் மின்தேக்கிகள் அதைச் சேமித்து வைத்திருக்கும்; அந்தச் சேமிப்பு ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது. ஆகவே மின்தேக்கிக்கு இணையாக 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட வேண்டும். மொத்தம் 116 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் 350 வோல்ட்டில் இருந்தால், இம்மின்தடை வழியாக மட்டும் அவை 50 வோல்ட்டுக்கு இறங்குவதற்கு ஏறத்தாழ 50 நொடிகள் ஆகும். அந்த நேரம் கடந்த பின்னரும் மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். இயங்கும் நிலையில் அளக்க நேர்ந்தால் கருப்பு முனையைக் கிளிப் கொண்டு சேஸிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து, மறு கையை விலக்கி வைத்துக்கொள்வது பழைய ரேடியோக்காரர்களின் வழக்கம்; அது இன்றும் விலக்கின்றிப் பின்பற்றத்தக்கது.

குறையைத் தேடுவதில் முதல் கருவி காது. இந்தியாவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முழு அலைகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. ரெக்டிஃபையர், அதாவது மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசையாக்கும் உறுப்பு, அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்தும்போது அதிலிருந்து எஞ்சும் ஏற்ற இறக்கம் நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. இந்த எச்சத்தைச் சிற்றலை என்பர். எனவே 50 ஹெர்ட்ஸ் முனகல் வால்வைச் சூடாக்கும் மின்னிழைச் சுற்றிலிருந்தோ, மின்மாற்றியின் காந்தப்புலத்திலிருந்தோ, இரு கருவிகளின் எர்த் வயர்களும் அவற்றை இணைக்கும் வயரும் சேர்ந்து உண்டாக்கும் எர்த் வளையத்திலிருந்தோ வருகிறது என்று கொள்ளலாம். 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்த கரகரப்பான உறுமல் கேட்டால், மின்வழங்கியின் மீதும் அதன் மின்னேற்றத் துடிப்புகள் மீதும் ஐயம் கொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் நிற்கும் ஒரே சுரம். சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு மந்திர ஸ்தாயியையும் மத்திய ஸ்தாயியையும் பிரித்தறிவது போல இவற்றைப் பிரித்தறியவும் இயலும். ஆனால் சிறிய ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸை ஒலிப்பதே அரிது என்பதாலும், தாழ்ந்த சுரங்களுக்கு மனிதச் செவியின் உணர்திறன் குறைவு என்பதாலும், காது மட்டுமே சொல்லும் தீர்ப்பு சில வேளை பிழையாகும். கைப்பேசியில் ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து ஸ்பீக்கருக்கு அருகே பிடித்தால், 50, 100, 150 ஆகிய இடங்களில் எது உயர்ந்து நிற்கிறது என்பது நொடியில் விளங்கிவிடும். அமெரிக்க நூல்களில் இவை 60, 120 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்.

அடுத்ததாக, முனகல் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று வகுக்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பும்போது முனகல் கூடிக் குறைந்தால் அது அதற்கு முன்னால் நுழைகிறது; அசையாமல் இருந்தால் பின்னால் நுழைகிறது. நடுவில் திருப்பும்போது மட்டும் முனகல் ஏறி, இரு ஓரங்களிலும் குறைந்தால் அது வேறொரு செய்தி: 500 கிலோ ஓம் கன்ட்ரோலின் நடுமுனை சரிபாதி மின்தடையில் நிற்கும்போது, அடுத்த வால்வின் கிரிட் 125 கிலோ ஓம் மின்தடையின் வழியே சுற்றை நோக்குகிறது, அவ்வளவு உயர்ந்த மின்தடை கொண்ட இடத்தில் திறந்து கிடக்கும் கம்பி அருகிலுள்ள எந்த மின்புலத்தையும் ஆன்டெனாவைப் போல வாங்கிக்கொள்ளும். அந்தக் கம்பியை ஷீல்டு வயராக மாற்றுவதோ, சில அங்குலம் குறுக்குவதோ அங்கே போதுமான மருந்து.

கிரிட் என்பது வால்வின் உள்ளே எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை. கேத்தோடு என்பது அந்த எலக்ட்ரான்களை உமிழும் சூடான முனை. கேத்தோடில் மின்தடை வைத்துத் தானே சார்பழுத்தம், அதாவது கிரிட்டைக் கேத்தோடைவிட எதிர்மின் நிலையில் நிறுத்தும் மின்னழுத்தம், உண்டாக்கிக்கொள்ளும் முன்கட்டங்களில், இணைப்பு மின்தேக்கி வழியாகக் குறியலை வந்துசேரும் கிரிட்டை அக்கட்டத்தின் பொதுமுனையோடு ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். முனகல் நின்றால் குறை அதற்கு முன்னால். நிற்காவிட்டால் அங்கேயோ அதற்குப் பின்னாலோ. வெளியீட்டு வால்விலிருந்து உள்ளீட்டை நோக்கி ஒவ்வொரு கட்டமாக இதைச் செய்துகொண்டே போனால், எந்தக் கட்டத்தில் முனகல் நுழைகிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் வெளியீட்டு வால்வுகளுக்குத் தனியாக எதிர்மின்னழுத்தம் கொடுத்துச் சார்பு அமைத்திருக்கும் சுற்றுகளில் கிரிட்டை நேரடியாகப் பொதுமுனையோடு இணைப்பது பெருந்தவறு. சார்பு மறைந்து, எலக்ட்ரான்கள் போய்ச்சேரும் வால்வின் தகடு செந்நிறமாகக் காய்ந்து வெளியீட்டு மின்மாற்றியும் கருகக்கூடும். அங்கே 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இடையில் வைத்தே இணைக்க வேண்டும். குறியலையை அது கடத்திவிடும், சார்பழுத்தத்தைத் தொடாது.

வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதும் இதே நோக்கத்திற்கு உதவும், ஆயின் வெளியீட்டு வால்வுகளைப் பிடுங்கினால் சுமை குறைந்து உயர் மின்னழுத்தம் ஏறும் என்பதையும், மின்தேக்கிகள் அதைத் தாங்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒலிபெருக்கி இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் சுவிட்சை அணைத்தால், கேத்தோடுகளில் சூடும் மின்தேக்கிகளில் மின்னேற்றமும் எஞ்சியிருப்பதால் அது சில நொடிகள் தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் அதன் சொந்த மின்மாற்றியும் ரெக்டிஃபையரும் மின்னிழையும் உண்டாக்கும் முனகல் அந்தக் கணமே நின்றுவிடும். அந்தச் சில நொடிகளிலும் முனகல் தொடர்ந்தால் அது ஒலிபெருக்கிக்கு வெளியிலிருந்து வருவது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

மின்வழங்கியைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்பது பல மூடநம்பிக்கைகளைக் களையும். 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் சுற்றில் முதல் மின்தேக்கி 47 மைக்ரோஃபாரட் என்றால், அதன் மீது நிற்கும் சிற்றலை உச்சத்திலிருந்து உச்சத்திற்கு ஏறத்தாழ 20 வோல்ட். அதையடுத்து 10 ஹென்றி சோக் ஒன்றும் மற்றொரு 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வந்தால் சிற்றலை ஏறத்தாழ 185 மடங்கு குறைந்து பத்தில் ஒரு வோல்ட்டுக்கு வந்துவிடும். சோக் என்பது இரும்பு உள்ளகத்தின் மீது சுற்றிய கம்பிச்சுருள். நேர்மின்னோட்டத்தை விட்டுவிட்டு அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் எதிர்ப்பது அதன் இயல்பு. முன்கட்டங்களுக்கு அதன்பின் 10 கிலோ ஓம் மின்தடையும் 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் எஞ்சுவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. இந்த எண்களைப் போட்டுப் பார்த்தவர், முதல் மின்தேக்கியை இரட்டிப்பதால் சிற்றலை பாதிதான் ஆகிறது என்பதையும், வடிகட்டும் கட்டம் ஒன்றைக் கூட்டுவதால் நூறு மடங்குக்கு மேல் குறைகிறது என்பதையும் கண்டுகொள்வார். வால்வு ரெக்டிஃபையர்களுக்கு முதல் மின்தேக்கியில் வரம்பும் உண்டு: ஜிஇசட் 34 வகைக்கு 60 மைக்ரோஃபாரட், இஇசட் 81 வகைக்கு 50. அதை மீறினால் முனகல் குறையாது, ரெக்டிஃபையரின் ஆயுள்தான் குறையும். இரு வெளியீட்டு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் அமைப்பில் உயர் மின்னழுத்தச் சிற்றலை மின்மாற்றியின் இரு பாதிகளிலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அவ்வமைப்பு மன்னிக்கும் குணமுடையது. ஒற்றை வால்வு அமைப்பில் அந்தச் சலுகை இல்லை. ஒற்றை வால்வு மூன்று கிரிட்டுகள் கொண்ட பென்டோடாக இருப்பின், அதன் இரண்டாம் கிரிட்டுக்குப் போகும் மின்னழுத்தத்தைத் தகட்டுக்குப் போவதைக் காட்டிலும் தூய்மையாக வடிகட்ட வேண்டும்.

இனி இம்மடலின் மையப்பொருள். சுற்றுப்படங்களில் கீழ்நோக்கிய மூன்று கோடுகளாகப் போடப்படும் பொதுமுனைக் குறி, அக்குறி இடப்பட்ட எல்லா இடங்களும் ஒரே புள்ளி என்றும் அங்கே மின்னழுத்தம் சுழியம் என்றும் வாசிப்பவரை நம்பவைக்கிறது. உண்மையில் அவை கம்பிகளால் இணைந்த வெவ்வேறு இடங்கள். கம்பி எவ்வளவு தடித்தாலும் அதற்கு மின்தடை உண்டு. அதில் மின்னோட்டம் ஓடினால் அதன் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் எழும். 20 சென்டிமீட்டர் நீளமும் 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கொண்ட செம்புக்கம்பியின் மின்தடை 7 மில்லி ஓம் அளவே. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் முதல் மின்தேக்கி சீரான ஓட்டமாக மின்னேற்றம் பெறுவதில்லை. அலையின் உச்சியில் மட்டும், குறுகிய துடிப்புகளாகப் பெறுகிறது. சராசரி 100 மில்லி ஆம்பியர் என்றாலும் துடிப்பின் உச்சம் அரை ஆம்பியரை எளிதில் எட்டும். அரை ஆம்பியர் அந்தக் கம்பியில் பாய்ந்தால் 3.5 மில்லிவோல்ட் எழுகிறது. அதே கம்பித்துண்டு முதல் வால்வின் உள்ளீட்டுக்கும் பொதுமுனையாகப் பயன்பட்டிருந்தால், இந்த 3.5 மில்லிவோல்ட் பாட்டோடு பாட்டாக உள்ளே நுழைகிறது. 200 மில்லிவோல்ட் உள்ளீட்டுக்கு 8 ஓம் ஸ்பீக்கரில் 10 வாட் தரும் ஒலிபெருக்கி, குறியலையை ஏறத்தாழ 45 மடங்கு பெருக்குகிறது. அப்போது ஸ்பீக்கரில் நிற்கும் துடிப்பின் உச்சம் 150 மில்லிவோல்ட். அடுத்த அறை வரை கேட்கக்கூடிய உறுமல் இது. இந்நிலையில் மின்தேக்கியைப் பெரிதாக்கியவர் துடிப்பைக் குறுக்கி அதன் உச்சத்தை உயர்த்திவிட்டார், உறுமல் கூடுகிறது, கடைக்காரர் போலிச் சரக்கு கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டப்படுகிறது.

ஆகவே மின்மாற்றியின் உயரழுத்தச் சுற்றின் நடுமுனையிலிருந்து, அல்லது பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பி வேறெங்கும் தொடாமல் நேரே முதல் மின்தேக்கியின் எதிர்முனைக்கு வர வேண்டும். அந்த வளையம், அதாவது மின்மாற்றி, ரெக்டிஃபையர், முதல் மின்தேக்கி ஆகிய மூன்றும், தனக்குள் முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். அதற்குள் ஓடும் துடிப்பு வேறு எவருடைய கம்பியையும் இரவல் வாங்கக் கூடாது. அந்த மின்தேக்கியின் முனையிலிருந்து, புதிதாக ஒரு கம்பி புறப்பட்டு இரண்டாம் மின்தேக்கிக்குப் போக வேண்டும். அங்கே வெளியீட்டு வால்வுகளின் கேத்தோடு மின்தடையும் ஸ்பீக்கரின் எதிர்முனையும் சேரலாம். அடுத்து மூன்றாம் மின்தேக்கி. அதனோடு, அது ஊட்டும் வால்வின் கேத்தோடு மின்தடை, கிரிட் மின்தடை ஆகியவை மட்டும் சேர வேண்டும். இவ்வாறு பெரிய மின்னோட்டத்திலிருந்து சிறிய மின்னோட்டத்தை நோக்கி வரிசையாக வந்து, உள்ளீட்டுச் சாக்கெட்டில் முடியும் பொதுக்கம்பி, அந்த உள்ளீட்டுக்கு அருகே ஒரே ஓர் இடத்தில் சேஸிஸைத் தொட வேண்டும். ஒவ்வொரு வால்வின் மின்னோட்டமும் தன்னை ஊட்டிய மின்தேக்கிக்கே திரும்பிவிடுவதுதான் இந்த வரிசையின் உயிர்நாடி.

எல்லாக் கம்பிகளையும் ஒரே ஆணியில் கொண்டுவந்து குவிக்கும் நட்சத்திர முறையைப் பலர் பரிந்துரைக்கின்றனர். ஒற்றைச் சேனல் ஒலிபெருக்கிக்கு அது தேவையற்றது. நீண்ட கம்பிகள் பத்துப் பன்னிரண்டு சேஸிஸ் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, ஒவ்வொன்றும் ஓர் ஆன்டெனாவாகிவிடும். முதல் மின்தேக்கியின் துடிப்பு வளையத்தையும் கொண்டுவந்து அதே ஆணியில் சேர்ப்பவர், அம்முறையின் பயனையும் இழந்துவிடுகிறார். சேஸிஸின் உலோகத்தையே பொதுக்கம்பியாகக் கொண்டு அங்கங்கே ஈயம் வைத்துவிடும் பழைய மலிவு ரேடியோ முறை இன்னும் மோசமானது. அங்கே எந்த மின்னோட்டம் எவ்வழியில் போகிறது என்பதை எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

ஸ்டீரியோ அமைப்பில் சிக்கல் இரட்டிக்கிறது. பாட்டுக் கருவியிலிருந்து வரும் இரு ஷீல்டு வயர்களின் வெளியுறைகளும் அங்கேயே ஒன்றாக இணைந்திருக்கும். ஒலிபெருக்கிக்குள் அவை மறுபடியும் இணைவதால் ஒரு மூடிய வளையம் உருவாகிறது. அவ்வளையத்தின் ஊடாகச் செல்லும் மின்மாற்றியின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரு வயர்களையும் முழு நீளத்திற்கும் ஒட்டி ஓட்டினால் வளையத்தின் பரப்பு சுருங்கிவிடும். உள்ளீட்டுச் சாக்கெட்டுகளைச் சேஸிஸிலிருந்து காப்பு வாஷர் போட்டுப் பிரித்து வைப்பதும் கட்டாயம். உலோகச் சாக்கெட்டை நேரே துளையில் திருகிவிட்டால், வரைந்து வைத்த ஒழுங்கெல்லாம் அத்திருகாணியிலேயே குலைந்துவிடும்.

எர்த் வளையத்தைப் பற்றிப் பேசும்போது, மிகுந்த கவலையோடும் அழுத்தத்தோடும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒலிபெருக்கியையும் கணினியையும் இணைத்தால் ஹம் வருகிறது, ஒலிபெருக்கியின் மூன்று முள் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் நின்றுவிடுகிறது என்று ஒருவர் கண்டு, அதை மற்றவருக்குத் தீர்வாகச் சொல்வது இந்த வட்டாரத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. அந்த வயர் ஓசைக்காக வைக்கப்பட்டதன்று. மின்மாற்றியின் காப்பு ஒருநாள் உருகி, 230 வோல்ட்டோ அதனினும் கொடிய உயர் மின்னழுத்தமோ சேஸிஸைத் தொடும்போது, மின்னோட்டம் அவ்வயர் வழியே பாய்ந்து ஃபியூஸை எரிக்க வேண்டும். அவ்வயர் இல்லையென்றால் மின்சாரம் அடுத்து வால்யூம் குமிழைத் தொடுகிறவரின் உடல் வழியே பாயும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இப்படியொரு பெட்டியை விட்டுவைப்பதற்கு எந்த இசையும் ஈடாகாது. வளையத்தை உடைக்க முறையான வழி இருக்கிறது: எர்த் வயரைச் சேஸிஸோடு திருகாணியால் உறுதியாக முடுக்கிவிட்டு, சுற்றின் பொதுக்கம்பியைச் சேஸிஸோடு நேரே இணைக்காமல் 10 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக இணைத்து, அதற்கு இணையாகப் பெரிய மின்னோட்டம் தாங்கும் இரு டயோடுகளை எதிரெதிராக வைக்க வேண்டும். வளையத்தின் சிறு மின்னழுத்தத்திற்கு 10 ஓம் தடையாக நிற்கும். பெரும் பழுது நேர்ந்தால் டயோடுகள் திறந்து ஃபியூஸ் எரியும் வரை மின்னோட்டத்தைக் கடத்தும். பழைய வீடுகளில் சுவரிலுள்ள எர்த் துளையின் பின்னால் வயரே இல்லாதிருப்பதும் உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சோதித்துச் சரிசெய்வது ஒலிபெருக்கி வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

மின்னிழை என்பது கேத்தோடைச் சூடாக்கும் கம்பி, அதற்கு 6.3 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தரப்படுகிறது. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் நெருக்கமாக முறுக்கப்பட்டு, சேஸிஸின் மூலையோடு ஒட்டி ஓடி, சாக்கெட்டின் முள்ளுக்கு மிக அருகில் வரும்வரை முறுக்கு குலையாமல் இருந்தால், இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இசிசி 83 வால்வில் 4, 5 ஆகிய முட்கள் சேர்ந்து ஒரு முனையாகவும், 9ஆம் முள் மறுமுனையாகவும் 6.3 வோல்ட் பெறுகின்றன. 9ஆம் முள்ளுக்குப் போகும் கம்பியைத் தனியே பிரித்து, 7ஆம் முள்ளிலுள்ள கிரிட்டின் மேலாக வளைத்துக் கொண்டுபோவது அடிக்கடி காணப்படும் பிழை. சாக்கெட்டின் நடுவே நேராகக் கடத்துவது நல்லது. மின்னிழைச் சுற்று எங்கும் பற்றில்லாமல் மிதக்கக் கூடாது: மின்மாற்றியில் நடுமுனை இல்லையென்றால் இரு முனைகளிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் மின்தடையை எடுத்து அவை சந்திக்குமிடத்தைப் பொதுக்கம்பியோடு இணைக்க வேண்டும். அவ்விடத்தைப் பொதுக்கம்பிக்குப் பதிலாக 40 வோல்ட் அளவிலான தூய நேர்மின்னழுத்தத்தோடு இணைத்தால் இன்னும் சிறப்பு. சூடான மின்னிழையும் எலக்ட்ரான்களை உமிழ்வதால், அது கேத்தோடைவிட நேர்மின் நிலையில் இருக்கும்போது அந்த உமிழ்வு கேத்தோடை நோக்கிப் பாயாது. இஎஃப் 86 வால்வு தாழ்ந்த முனகலுக்கென்றே இரட்டைச் சுருள் மின்னிழையோடும் உள் உலோக மறைப்போடும் வடிவமைக்கப்பட்டது. அதன் 2ஆம், 7ஆம் முட்கள் அம்மறைப்பைச் சேர்ந்தவை. அவற்றைப் பொதுக்கம்பியோடு இணைக்க மறந்துவிட்டு, வால்வு சரியில்லை என்று ஒதுக்கிவைத்தவர்கள் ஒருவரிருவர் அல்லர்.

மின்மாற்றிகளின் காந்தப்புலத்திற்கு, துளை போடுவதற்கு முன்பே தீர்வு காண வேண்டும். வெளியீட்டு மின்மாற்றியின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வேறெந்த இணைப்பும் இல்லாமல், மின்வழங்கி மின்மாற்றிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, வெளியீட்டு மின்மாற்றியை மெல்லத் திருப்பியும் நகர்த்தியும் கேட்டால், ஒரு கோணத்தில் முனகல் ஏறக்குறைய மறைவது தெரியும். பெரும்பாலும் இரு உள்ளகங்களும் செங்குத்தாக நிற்கும் கோணம் அது. அங்கே கோடு கிழித்துத் துளையிடலாம். அலுமினியச் சேஸிஸ் தாழ்ந்த அலைவெண் காந்தப்புலத்தைத் தடுக்காது; அதற்கு இரும்பு வேண்டும். மின்மாற்றியைக் காயில் கடையில் சொல்லிச் செய்பவர், முதற்சுற்றை 250 வோல்ட்டுக்குக் கட்டச் சொல்வது நலம்; மின்னழுத்தம் ஏறும் வேளைகளில் உள்ளகம் காந்தத்தால் நிறைந்து புலத்தை வெளியே கசியவிடாமல் இருக்க அது உதவும். முதற்சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையே மெல்லிய செம்புத்தகடு ஒரு சுற்று வைத்து, அதன் இரு ஓரங்களும் ஒன்றையொன்று தொடாமல் காகிதம் இட்டு, ஒரு கம்பியை வெளியே எடுத்துத் தரும்படியும் கேட்கலாம். அக்கம்பியைச் சேஸிஸோடு இணைத்தால் மின்கம்பியில் வரும் கரகரப்பு பெருமளவு அங்கேயே நின்றுவிடும். ஓரங்கள் தொட்டுவிட்டால் அது குறுக்குச்சுற்றாகி மின்மாற்றி எரியும் என்பதைச் சொல்லிச் செய்விக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கென அமெரிக்காவில் சிக்கனமாகக் கட்டப்பட்ட மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காந்தமேறும்; சூடும் முனகலும் இரண்டும் கூடும்.

‘ஸ்ஸ்’ என்ற சீற்றொலி வேறு இனம். ஆய்வாளர்கள் ஜான்சனும் நைக்விஸ்ட்டும் 1928இல் விளக்கியபடி, வெப்பநிலையின் காரணமாகவே எந்த மின்தடையிலும் இரைச்சல் எழுகிறது. 100 கிலோ ஓமில், கேட்கும் அலைவெண் எல்லைக்குள், அது ஏறத்தாழ 6 மைக்ரோவோல்ட். அதை ஒழிக்க இயலாது; முதல் கிரிட்டுக்கு முன்னால் தேவையற்ற பெரிய மின்தடை வைக்காமல் இருக்கலாம், முதல் கட்டத்தின் தகட்டு மின்தடையை மெட்டல் ஃபிலிம் வகையாகத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவே. வெடிப்பொலியும் பொரிவதுபோன்ற ஒலியும் கேட்டால் மரப்பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் இணைப்பையும் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். சரியாக உருகாத ஈயப்பற்று, துருவேறிய வால்வு முள், தளர்ந்த சாக்கெட் ஆகியவையே பெரும்பாலும் சிக்கும். வெளியீட்டின் ஒரு பங்கை முன்கட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் எதிரூட்டக் கம்பியை இணைத்தவுடன் ஒலிபெருக்கி ஊளையிட்டால், வெளியீட்டு மின்மாற்றியின் தகட்டுக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றினால் அடங்கிவிடும்.

வீட்டிலேயே இருக்கும் எதிரிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர் ஆகியவை கூர்மையான கரகரப்பை எழுப்பும்; ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாலே குற்றவாளி அகப்படும். மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் ஓடும் ஒலிபெருக்கி கூடுதலாக உறுமினால் அது ஒலிபெருக்கியின் குறையன்று. சதுர அலை தரும் இன்வெர்ட்டர்களின் மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் ஏராளம்.

எவ்வளவு குறைத்தால் போதும் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் மின்தடை ஒன்றை மாட்டி, உள்ளீட்டைக் குறுக்கிணைத்து, மல்டிமீட்டரின் மாறுதிசை மில்லிவோல்ட் அளவில் படிக்கும்போது ஒரு மில்லிவோல்ட்டுக்கு அருகில் வந்துவிட்டால், சாதாரண ஸ்பீக்கரில் ஒரு மீட்டர் தொலைவில் அது காதுக்கு எட்டாது. அதற்கு மேலும் துரத்துவது அவரவர் ஆசை.

சுற்றுப்படங்களை வரைந்து பிறருக்குத் தரும் மூத்த அமைப்பாளர்களிடம் இம்மடல் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. படத்தில் பொதுமுனைக் குறியை ஆங்காங்கே போட்டு முடித்துவிடாமல், எந்தக் கம்பி எந்த மின்தேக்கியின் எந்த முனையிலிருந்து புறப்பட்டு எங்கே சேர்கிறது, சேஸிஸை எவ்விடத்தில் தொடுகிறது என்பதைத் தனித்தாளில் அளவு மாறாமல் வரைந்து அதனோடு சேர்த்துத் தர வேண்டும்; புதியவர் ஒருவர் ஹம் பற்றிக் கேட்டால், பாகங்களின் பெயரைச் சொல்லும் முன்பாக அந்தத் தாளை அவரிடமிருந்து கேட்டுப் பார்க்க வேண்டும். பிளக்கின் எர்த் வயரைக் கழற்றச் சொல்லி எவரேனும் அறிவுரை கூறினால், கூறியவர் எவ்வளவு மூத்தவராயினும், அங்கேயே அப்போதே மறுக்க வேண்டும்.